உட்கார்ந்தே இருப்பவர், நின்றே இருப்பவர், எழ முடியாதவர்

புதுச்சேரியின் வடபகுதியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமிகள் கோயில் இருக்கும் ஊர். பாரதியின் குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் தோப்பும் இந்தப் பக்கம்தான். பாரதி புதுச்சேரியில் வாழ்ந்த 1908-1918 காலத்தில் நகரத்துக்குள்ளிருந்து இங்கே வருவதென்றால் பெரும்பாலோருக்கு நடைதான். இன்று பால் பாக்கெட் வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, லாஸ்பேட்டை வரை போய்வர, எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டர்.

இதுபோன்ற ஒரு பகுதியில் யார் யாரெல்லாம் வசிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். வீட்டு முன்னறையில் தையல் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண். காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்து, பிறகு எட்டு மணி நேரம் கணினி முன்னால் இருக்கும் அலுவலர். நேரு வீதியில் ஒரு துணிக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றே பொழுதைக் கழிக்கும் விற்பனைப் பெண். விடிந்தது முதல் அடுப்படியை விட்டு நகராத குடும்பத் தலைவி. பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கும் முதியவர். ரத்தசோகையால் மாடி ஏறவே தயங்கும் கல்லூரி மாணவி. இந்த ஆறு பேரும் மருத்துவரிடம் போனால் ஆறு பேருக்கும் ஒரே வாக்கியம் கிடைக்க வாய்ப்பு உண்டு: ‘உடலுழைப்பு இல்லை, வாக்கிங் போங்க.’

ஆங்கிலத்தில் இந்த நிலைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. செடன்டரி, இன்ஆக்டிவ், ஸ்டேஷனரி, இம்மொபைல், லெதார்ஜிக், ஐடில், லேஸி. பேச்சுவழக்கில் ஆங்கிலம் பேசுகிறவர்களே இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் மருத்துவ ஆய்வில் இவற்றில் பலவற்றுக்குக் கறாரான வரையறை உண்டு. ஒரு சொல் மாறினால் நோயாளி மாறுகிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய ஆலோசனையும் மாறுகிறது. தமிழில் உடல்நலம் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனித்தே ஆக வேண்டிய நிலை இன்று வந்துவிட்டது.

உட்கார்ந்து செய்யும் வேலை உடம்பைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றி வெளியிட்ட நூலில், தையற்காரர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் தனியாகக் குறிப்பிட்டார். குனிந்தபடி உட்கார்ந்தே இருப்பதால் அவர்களுக்கு வரும் உபாதைகளைச் சொல்லி, விடுமுறை நாளிலாவது உடலை இயக்கச் சொன்னார்.

எண்களோடு கூடிய முதல் பெரிய சான்று லண்டனில் கிடைத்தது. மருத்துவர் ஜெரமி மாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் 1953-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பற்றியது அது. மாடிப் பேருந்தின் ஓட்டுநர் வேலை நேரம் முழுக்கத் தன் இருக்கையில். நடத்துநரோ நாளெல்லாம் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பவர். வர்க்கம் ஒன்று, வேலை செய்யும் நகரம் ஒன்று. ஆனால் மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகம் வந்தது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ நெரிசல் நேரத்துப் பேருந்தில் போய்வந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை. முன்படிக்கும் பின்படிக்கும் இடையே நடத்துநர் எத்தனை முறை நெருக்கியடித்துக்கொண்டு போய்வருகிறார் என்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாரிஸ் குழுவினர் இதோடு நிற்கவில்லை. 1956-இல் அதே தொழிலாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களைவிடப் பெரிதாக இருந்தது. இளம் வயதிலேயே அந்த வேறுபாடு தெரிந்தது. உட்கார்ந்த வேலை ஒருவரைப் பருமனாக்குகிறதா, பருமனானவர் உட்கார்ந்த வேலையைத் தேடிப் போகிறாரா என்ற கேள்வியை அவர்களே எழுப்பினார்கள். இந்தத் துறையில் காரணத்தையும் விளைவையும் அவசரப்பட்டு முடிச்சுப் போடக்கூடாது என்ற எச்சரிக்கை அன்றிலிருந்தே இருக்கிறது.

அதன்பின் பல ஆண்டுகள் ஆய்வாளர்களே இரண்டு சொற்களைக் குழப்பினார்கள். உடற்பயிற்சி செய்யாதவர்களை ‘செடன்டரி’ என்று எழுதினார்கள். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களையும் அதே சொல்லால் குறித்தார்கள். செடன்டரி நடத்தை ஆய்வு வலைப்பின்னல் என்ற பன்னாட்டு அமைப்பு 2012-இல் இதற்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. 2017-இல் விரிவான கலந்தாய்வுக்குப் பின் வரையறைகளைத் திருத்தி வெளியிட்டது. அதன்படி, விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, 1.5 மெட் அல்லது அதற்கும் குறைவான ஆற்றலைச் செலவழித்து இருப்பதே செடன்டரி. பரிந்துரைக்கப்பட்ட அளவு உடல் இயக்கம் வாரத்தில் இல்லாமல் போவது இன்ஆக்டிவ். முதலாவது, செய்யும் ஒன்று. இரண்டாவது, செய்யாமல் விட்ட ஒன்று.

மெட் என்பது எளிய அளவுகோல். ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றல் 1 மெட். உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். 1.5-க்கு மேல், 3 மெட்டுக்குக் கீழே உள்ளது லேசான இயக்கம், 3 முதல் 6 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. சற்று விரைவான நடை மிதமான வகை. நிதானமாக நின்று காய்கறி நறுக்குவது லேசான வகை. எந்த வேலைக்கு எத்தனை மெட் என்ற பட்டியலை பார்பரா எய்ன்ஸ்வொர்த் தலைமையில் 1993-இல் தொகுத்தார்கள். அது பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தையல் மெஷினைப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். கால்மிதி மெஷினில் தைக்கிறவர் உட்கார்ந்துதான் இருக்கிறார். ஆனால் இரு பாதங்களும் மிதிபலகையை முன்னும் பின்னும் அழுத்திக்கொண்டே இருக்கின்றன. கெண்டைக்கால் தசை விடாமல் இயங்குகிறது. மெஷின் தையலின் ஆற்றல் செலவு 1.5 மெட்டைத் தாண்டுகிறது. ஆகவே வரையறைப்படி அது செடன்டரி ஆகாது. இயங்கும் இருப்பு என்று சொல்லலாம். அதே மெஷினில் மோட்டாரைப் பொருத்தியதும் கால்களின் வேலை ஒரு பெடலை லேசாக அழுத்துவதோடு முடிந்துவிடுகிறது. வேலை வேகமாகிறது, முழங்கால் வலி குறைகிறது, கூலியும் கூடுகிறது. கூடவே கால் தசைகளின் அன்றாட இயக்கமும் ஓசையில்லாமல் கழிந்துபோகிறது.

உட்காரும் விதத்திலும் வேறுபாடு உண்டு. தான்சானியாவின் ஹாட்ஸா மக்களைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் அவர்களும் நாளுக்கு ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓய்வாக இருக்கிறார்கள் என்று காட்டியது. நகரத்து மக்கள் உட்காரும் நேரத்துக்கு அது குறைந்ததல்ல. ஆனால் அவர்கள் அந்த நேரத்தில் கணிசமான பகுதியைக் குத்துக்காலிட்டோ முழந்தாளிட்டோ கழிக்கிறார்கள். அப்போது கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிடக் கூடுதலாக இயங்குகின்றன. அரிவாள்மணை முன்னால் குந்தி உட்கார்ந்து மீன் நறுக்கிய பாட்டிக்கும், சோபாவில் சாய்ந்து தொடர் பார்க்கும் பேத்திக்கும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்டலாம்; தசைகள் செய்த வேலை ஒன்றல்ல. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களைத் தரையில் குந்தச் சொல்லக்கூடாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது.

செடன்டரி, இன்ஆக்டிவ் இரண்டும் வேறு என்று ஏற்றுக்கொண்டால் நான்கு வகை மனிதர்கள் கிடைக்கிறார்கள். போதிய இயக்கமும் உண்டு, நீண்ட இருப்பும் இல்லை என்பவர் முதல் வகை; வயலில் நடவு நடுபவரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் இதில் வருவார்கள். நடையும் இல்லை, எழுவதும் இல்லை என்பவர் கடைசி வகை. இடையில் உள்ள இரண்டும்தான் கவனத்திலிருந்து நழுவுகின்றன.

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் விடியற்காலையில் நடப்பவர்களிலும், மாலை ஆறு மணிக்கு வண்டிகளுக்குத் தடை விழுந்ததும் கடற்கரைச் சாலையில் கைவீசி நடப்பவர்களிலும் ஒரு வகையினர் இருப்பார்கள். வாரத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட 150 நிமிட மிதமான இயக்கத்தைத் தாராளமாகத் தாண்டிவிடுபவர்கள். எனவே இன்ஆக்டிவ் ஆகமாட்டார்கள். ஆனால் மிச்ச நேரம் முழுக்க இருக்கை. ஒரே ஆள் ஒரே நாளில் ஆக்டிவாகவும் செடன்டரியாகவும் இருக்க முடியும் என்பதற்கு இவர்களே எடுத்துக்காட்டு. இவர்களுடைய நடை வீணா? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்து, உல்ஃப் எகெலுண்ட் குழு 2016-இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமான இயக்கம் உள்ளவர்களுக்கு, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பதோடு தொடர்புள்ள கூடுதல் மரண ஆபத்து மறைந்துவிடுகிறது. நடை வீணில்லை, ஆனால் நீண்ட இருப்பை ஈடுகட்ட அரைமணி நேரம் போதவில்லை.

அடுத்த வகை இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. உட்காரவே நேரமில்லை, ஆனாலும் கணக்கெடுப்பில் இன்ஆக்டிவ். குடும்பத் தலைவிகளில் கணிசமானோர் இதில் அடக்கம். இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். ஐந்து மணி நேரம் வேலை செய்பவரை எப்படி இயக்கமற்றவர் என்று சொல்ல முடியும்? சமைப்பது, பாத்திரம் துலக்குவது, துணி மடிப்பது எல்லாம் பெரும்பாலும் லேசான வகை இயக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மிதமானதும் கடுமையானதும் மட்டுமே சேரும். குழாயும் மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங்மெஷினும் வந்தபின் வீட்டு வேலையின் நேரம் அவ்வளவாகக் குறையவில்லை. அதிலிருந்த கனமான பகுதி போய்விட்டது. தண்ணீர்க் குடம் தூக்குவதும் உரலில் இடிப்பதும் ஆட்டுக்கல்லில் அரைப்பதும் மிதமானவையோ அதற்கு மேலோ ஆன இயக்கங்கள். இப்போது சோர்வு மிஞ்சுகிறது, இதயத்துக்கும் தசைக்கும் கிடைத்த பயன் மிஞ்சவில்லை. இந்தப் பெண்ணிடம் ‘உட்காராதீங்க’ என்று சொல்வது அறியாமை. அவருக்குத் தேவை வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் கணவரும், அப்படிக் கிடைக்கும் அரைமணி நேரமும், இருட்டிய பிறகும் பயமில்லாமல் நடக்கத் தெருவிளக்குள்ள நடைபாதையும்.

நின்றே இருப்பவரின் கதை தனி. 2017 வரையறைகள் ஸ்டேஷனரி என்ற சொல்லையும் விளக்கின. உட்கார்ந்தோ படுத்தோ நின்றோ, இடம்விட்டு நகராமல் விழித்திருக்கும் எந்த நிலையும் அதில் அடங்கும். அசையாமல் நிற்பது செடன்டரி இல்லை; அதனால் அது நல்லது என்றும் ஆகாது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டல், இடுப்பு வலி எல்லாம் ஜவுளிக்கடைப் பெண்கள் நன்கு அறிந்தவை. கேரளம் 2018-இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பணியின்போது வாய்ப்புக் கிடைக்கையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. உட்காராதீர்கள் என்று அலுவலக ஊழியர்களிடம் மருத்துவர்கள் மன்றாடும் அதே காலத்தில், உட்கார விடுங்கள் என்று கடை ஊழியர்கள் போராட வேண்டியிருந்தது. இரண்டு கோரிக்கைக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரே நிலையில் உடம்பை நெடுநேரம் கட்டிப்போடக்கூடாது.

இம்மொபைல் என்பது தேர்வு அல்ல, நிலைமை. எலும்பு முறிவு, பக்கவாதம், அறுவை சிகிச்சை, முதுமை ஆகியவற்றால் அசைய முடியாமல் போவது. இதன் கடுமையை 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த சோதனை காட்டியது. இருபது வயதை ஒட்டிய, நல்ல உடல்நிலையில் இருந்த ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் சோதித்தபோது, முப்பது ஆண்டு வயது ஏறியதால் இழந்ததைவிட அன்று மூன்று வாரப் படுக்கையில் இழந்தது அதிகம் என்று தெரிந்தது. பயிற்சி கொடுத்தபோது ஐம்பது வயதிலும் இழந்ததில் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. கட்டிலில் கிடப்பவரிடம் வாக்கிங் பற்றிப் பேசிப் பயனில்லை. சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, மூட்டுகளை மடக்கி நீட்டிவிடுவது, மருத்துவர் அனுமதித்த அன்றே கட்டில் விளிம்பில் உட்காரவைப்பது, இயன்முறை சிகிச்சையாளரை வீட்டுக்கு வரவழைப்பது ஆகியவைதான் இங்கே மருந்து.

லெதார்ஜி எனப்படும் அசதியும் பலமுறை தவறாகப் படிக்கப்படுகிறது. அது ஓர் அறிகுறி. தைராய்டு குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை, மனச்சோர்வு, ரத்தசோகை எதன் வாசலாகவும் இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மாடிப்படியில் மூச்சு வாங்கும் பெண்ணை வீட்டார் சோம்பேறி என்கிறார்கள். அவருக்கு வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரையும். சோம்பேறி என்ற சொல் ஒழுக்கத்தின் மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. நோய்க்கணிப்பில் அதற்கு இடமில்லை.

ஐடில், அதாவது வேலையின்றி இருப்பது, பொருளாதாரம் சார்ந்தது. புதுச்சேரியில் 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி., 2020-இல் மூடப்பட்டது. தறிகளுக்கு இடையே நடந்தே ஷிப்டை முடித்தவர்கள் வேலையோடு அந்த நடையையும் இழந்தார்கள். அதே நகரத்தில் 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்களுடைய போராட்டத்தின் பயனாகத்தான் பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை சட்டமானது. உழைத்தவர் எடுக்கும் ஓய்வு இப்படிப் பெறப்பட்ட உரிமை. அதையும் இயக்கமின்மை என்ற ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை. உறக்கத்தையும் செடன்டரி நேரத்தில் சேர்ப்பதில்லை; வரையறையிலேயே விழித்திருக்கும் நேரம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு பெரிய எண்களைப் படிக்க வேண்டும். 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் வெளியிட்ட உலக மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய இயக்கம் இல்லாதவர்கள். பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 42. உலக அளவில் அது 31 விழுக்காடு. அதற்கு முன்பே, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 54 விழுக்காட்டினரை இன்ஆக்டிவ் என்றது. பொழுதுபோக்காக விளையாடுவோர், உடற்பயிற்சி செய்வோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வுத் தொடரின் 2023 முடிவுகளில் புதுச்சேரியில் சர்க்கரை நோய் 26.3 விழுக்காடு, நாட்டிலேயே முதலிடம் பெற்ற கோவாவுக்கு இணையான அளவு. இதற்கு உணவு, வயது, மரபு, மது, நகரமயம் எல்லாமே காரணங்கள். ஆனால் இயக்கம் பற்றிய இந்த எண்களெல்லாம் எத்தனை பேர் பரிந்துரையை எட்டவில்லை என்பதைச் சொல்கின்றன; எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை.

கேள்வித்தாளிலேயே இந்தச் சாய்வு இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உடல் இயக்க வினாப்பட்டியலில் 16 கேள்விகள். பதினைந்து இயக்கத்தைப் பற்றியவை, ஒன்றே ஒன்று உட்காருவதைப் பற்றியது. அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் இயக்கம், இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று அளவு சொன்னது. உட்காரும் நேரத்தைக் குறையுங்கள் என்றும் சொன்னது. எத்தனை மணி நேரமாக என்று எண் போடவில்லை, சான்று போதாது என்பதால். பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அப்போது கைவிட்டது, எளிய மக்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. மாடிப்படி இரண்டு நிமிடம் ஏறினாலும் இப்போது கணக்கில் சேரும்.

இந்தியாவில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர்கள் முப்பது வயது கடந்தவர்களுக்காக வீட்டு வாசலில் நிரப்பும் சரிபார்ப்புப் படிவத்தில் வயது, புகை, மது, இடுப்பளவு, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு ஒரு கேள்வி இருக்கிறது: வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் இயக்கம் உண்டா? உண்டு என்றால் சுழியம், இல்லை என்றால் ஒரு மதிப்பெண். கருவடிக்குப்பம் போன்ற பகுதியில் அந்தப் படிவத்தோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர்ந்தால் போதும்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? எத்தனை மணி நேரம் நகராமல் நிற்கிறீர்கள்? எழவோ நடக்கவோ முடியாமல் தடுப்பது எது? தையல்காரருக்கு அரைமணிக்கு ஒருமுறை எழுந்து துணியை வெட்டு மேசைக்கு எடுத்துப்போகும்படி வேலையை மாற்றியமைக்கச் சொல்லலாம். அலுவலருக்குத் தொலைபேசி வந்தால் நடந்தபடி பேசச் சொல்லலாம். துணிக்கடைப் பெண்ணுக்கு முக்காலி கேட்டு முதலாளியிடம் பேசலாம். குடும்பத் தலைவிக்கு மாலையில் அரைமணி நேரத்தை வீட்டாரிடம் வாங்கித் தரலாம். மாணவியை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். முதியவரின் மகனுக்கோ மருமகளுக்கோ அவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முறையைக் கையைப் பிடித்துச் சொல்லித் தரலாம்.